மோர்பியிலிருந்து முதல் டைல்ஸ் லோடு: லாரியா, ரயில் கன்டெய்னரா?

பொள்ளாச்சிப் பக்கம் நான் டைல்ஸ் கடை போட்டபோது முதல் சில மாதம் கோவை மொத்த வியாபாரியிடம்தான் சரக்கு எடுத்தேன். அப்புறம் குஜராத் மோர்பியிலிருந்து நேரடியாக இறக்கலாம் என்று துணிந்தேன். அங்கிருந்த ஏஜென்ட், "ரயில் கன்டெய்னர்ல போட்டா லாரியைவிட வாடகை கம்மி" என்றார். ஒரே ஒரு போன் பேச்சில் சரி சொல்லிவிட்டேன்.

கன்டெய்னர் பத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அதைத் தூக்கிவந்த ட்ரெய்லர் எங்கள் தெரு முனையில் திரும்பவில்லை. மெயின் ரோட்டோரம் நிறுத்தி, 900 சொச்சம் பெட்டிகளையும் சின்ன லாரிகளுக்கு மாற்றி, கடையில் மறுபடி இறக்கினோம். இரண்டு நாள் ட்ரெய்லருக்கு ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கான காசு), இரட்டைக் கூலி, கைமாறியதில் உடைசல். ரயிலில் மிச்சமானது அத்தனையும் அதில் போய், கையிலிருந்தும் போனது.

அதற்குப் பிறகு லாரியிலும் ரயிலிலும் மாறி மாறி எடுத்துப் பழகிவிட்டேன். முதல் லோடு எடுக்கப் போகிற யாரும் அந்த இரண்டு நாளை அனுபவிக்கக் கூடாது என்பதற்காக, நான் இப்போது பார்க்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். டைல்ஸ்தான் உதாரணம். பஞ்சு, மெத்தை, கிரானைட் எதுவானாலும் முறை இதுதான்.

1. முதலில் ஒரு பெட்டியைத் தராசில் வையுங்கள்

எந்த ஏஜென்ட்டிடமும் பேசுவதற்கு முன் உங்கள் சரக்கின் எடையும் அளவும் கையில் இருக்க வேண்டும். 600-க்கு 600 மி.மீ. டைல்ஸ் என்றால் பொதுவாகப் பெட்டிக்கு 4 துண்டு, 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. நான் எடுக்கும் ரகம் பெட்டி 28 கிலோ. கனம் மாறினால் எடையும் மாறும், அதனால் கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கு உதவாது.

இனி கணக்கு. 26 டன் ஏற்றினால் 928 பெட்டி. அது கிட்டத்தட்ட 14,380 சதுர அடி. கன்டெய்னர் கதவைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 60 செ.மீ. உயரத்தில் செங்குத்தாக நிறுத்திய பெட்டிகள் இரண்டே அடுக்கு, அதாவது நெஞ்சு உயரம். அதற்கு மேலே முழுக்கக் காலி. "பாதிதானே ரொம்பியிருக்கு, இன்னும் 300 பெட்டி போடலாமே" என்று தோன்றும். போடக் கூடாது. இடம் தீரும் முன்பே எடை தீர்ந்துவிட்ட சரக்கு இது. மெத்தை, தெர்மோகோல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நேர் எதிர். அங்கே எடை இருக்கும்போதே இடம் தீர்ந்துவிடும். உங்கள் சரக்கு இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் கன்டெய்னர் தேர்வு தானாக முடிந்துவிடும்.

2. கன்டெய்னர் பெட்டி அளவுகள்: பெயரை நம்பாதீர்கள், உள் அளவைக் கேளுங்கள்

20 அடி என்பது வெளி நீளம், 6.058 மீட்டர். உள்ளே 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம்தான் கிடைக்கும். கொள்ளளவு 33 கன மீட்டர். வெற்றுப் பெட்டியின் எடையே 2.2 டன்னுக்கு மேல்.

40 அடிப் பெட்டிக்கு உள் நீளம் 12.03 மீட்டர், கொள்ளளவு 67 கன மீட்டர், வெற்று எடை 3.7 டன் வாக்கில். ஹை க்யூப் என்பது அதே 40 அடி, ஆனால் ஓர் அடி உயரம் கூடுதல். வெளி உயரம் 2.896 மீட்டர், கொள்ளளவு 76 கன மீட்டர்.

புதியவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. 40 அடி இரண்டு மடங்கு நீளம் என்பதால் இரண்டு மடங்கு பாரம் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். தாங்காது. பெட்டியோடு சேர்த்து அதிகபட்ச எடை இரண்டுக்கும் பெரும்பாலும் 30,480 கிலோதான். வெற்று எடை கூடுதலாக இருப்பதால் 40 அடியில் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு இன்னும் குறைவு. ஆகவே டைல்ஸ், கிரானைட், இரும்பு, சிமென்ட் எதுவானாலும் 20 அடி. மெத்தை, ஃபர்னிச்சர், ஆயத்த ஆடை என்றால் 40 அடி ஹை க்யூப். மோர்பி டைல்ஸை 40 அடியில் எடுங்கள் என்று யாராவது சொன்னால், அவரிடம் அன்றைக்கு 40 அடிப் பெட்டி காலியாக நிற்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு கன்டெய்னர் கதவிலும் மொத்த எடை, வெற்று எடை, ஏற்றக்கூடிய எடை மூன்றும் எழுதியிருக்கும். ஏற்றும் இடத்தில் நிற்பவரை அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்நாட்டுச் சரக்குக்கென்றே அளவு மாறுபட்ட பெட்டிகளும் ரயிலில் ஓடுகின்றன. உயரம் குறைந்த குட்டைப் பெட்டிகளும் உண்டு. எனவே "20 அடி" என்ற சொல்லோடு நிறுத்தாமல் இந்தப் படத்தைப் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

3. உங்கள் வாசலை அளந்து பாருங்கள்

நான் செய்யத் தவறிய வேலை இது. டேப் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து உங்கள் குடோன் வரை நடந்து போங்கள்.

தரையிலிருந்து ட்ரெய்லர் மேடை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதன்மேல் 2.59 மீட்டர் பெட்டி. மொத்தம் 4.1 மீட்டர், பதின்மூன்றரை அடி. ஹை க்யூப் என்றால் 4.4 மீட்டர். தாழ்ந்த மின்கம்பி, கேபிள் வயர், புளியமரக் கிளை, ரயில்வே சுரங்கப்பாலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் நீள வண்டி திரும்புமா? நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் ஓடும் ட்ரெய்லர் டிரைவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஒரு டீயும் அரை மணி நேரமும்தான் செலவு. அவர் கண் பார்த்துச் சொல்வது எந்த அளவையும்விடச் சரியாக இருக்கும்.

நகரத்துக்குள் கடை இருந்தால் கனரக வாகனங்களுக்குப் பகலில் தடை உண்டா என்று போக்குவரத்துக் காவல் நிலையத்தில் கேளுங்கள். ராத்திரி மட்டும்தான் என்றால் ராத்திரி இறக்க ஆள் வேண்டும், கூலியும் வேறு.

ட்ரெய்லர் வராது என்று தெரிந்துவிட்டால் வழி இரண்டே. லாரியில் எடுங்கள், அல்லது மெயின் ரோட்டில் யாருடைய குடோனையாவது ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பிடியுங்கள். "எப்படியாவது உள்ளே விட்டுடலாம்" என்பதை மட்டும் செய்யாதீர்கள்.

4. வாசல் முதல் வாசல் வரை கணக்குப் போடுங்கள்

ரயில் வாடகையையும் லாரி வாடகையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. லாரி வாடகை என்பது கம்பெனி வாசலிலிருந்து உங்கள் வாசல் வரை. ரயில் வாடகை என்பது முனையத்திலிருந்து (கன்டெய்னரை ரயிலில் ஏற்றி இறக்கும் சரக்கு நிலையம்) முனையம் வரை. இரண்டு முனையிலும் ரோடு இருக்கிறது.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். இவை இன்றைய மார்க்கெட் வாடகை அல்ல, உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். லாரி டன்னுக்கு 4,500 ரூபாய் என்றால் 26 டன்னுக்கு 1,17,000. ரயிலில் முனையம் வரை கன்டெய்னர் வாடகை 72,000. மோர்பியில் கம்பெனியிலிருந்து முனையம் வரை ட்ரெய்லர் 7,000. தூக்கி இறக்கும் கட்டணம் 4,000. இங்கே முனையத்திலிருந்து கடைக்கு வந்து, வெற்றுப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் விடும்வரை ட்ரெய்லர் 15,000. ஆக 98,000. மிச்சம் 19,000. சதுர அடிக்குப் பார்த்தால் லாரியில் 8.13, ரயிலில் 6.81. சதுர அடிக்கு 1 ரூபாய் 32 காசு என்பது டைல்ஸ் வியாபாரத்தில் சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்த 19,000 எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று பாருங்கள். ட்ரெய்லர் ஹால்டிங் ஒரு நாள், முனையத்தில் இலவச நாள் தாண்டி நின்ற வாடகை இரண்டு நாள், கூடுதலாக ஒரு முறை ஏற்றி இறக்கிய கூலி. முடிந்தது. அதனால் கோட்டேஷன் வாங்கும்போது இவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: முனையத்தில் எத்தனை நாள் இலவசம், அதற்கு மேல் நாளுக்கு எவ்வளவு, வெற்றுப் பெட்டியை எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், எந்த முனையத்தில் விட வேண்டும், தூக்கி இறக்கும் கட்டணம் உள்ளே சேர்த்தியா, ஜிஎஸ்டி சேர்த்தியா தனியா. கடைசிக் கேள்வி முக்கியம். லாரிக்காரரிடம் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே வரி கட்ட வேண்டியிருக்கலாம், ரயில் கன்டெய்னர் கம்பெனி பில்லிலேயே வரி போட்டுவிடும். எதில் எவ்வளவு கிரெடிட் எடுக்கலாம் என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

தூரமும் முக்கியம். மோர்பியிலிருந்து கோவைப் பக்கம் சுமார் 2,000 கி.மீ. இந்தத் தூரத்தில் இரண்டு முனைச் செலவும் பரவிப்போவதால் ரயில் ஜெயிக்கிறது. அதே பெட்டியைப் பொள்ளாச்சியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்ப ரயிலை நினைப்பதில் அர்த்தமில்லை. முனைச் செலவே வாடகையை விழுங்கிவிடும். 500 கி.மீ.க்குள் என்றால் நான் லாரியைத் தவிர வேறு எதுவும் விசாரிப்பதில்லை.

லாரிப் பக்கம் ஒரு நல்ல சந்தர்ப்பம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து இளநீரும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வடக்கே போகின்றன. போன வண்டி வெறும் வண்டியாகத் திரும்ப விரும்பாது. கோடையில் இளநீர் லோடு அதிகம் போகும் சமயத்தில், குஜராத்தில் தெற்கே வரக் காத்திருக்கும் நம்ம ஊர் வண்டி நிறைய இருக்கும், ரிட்டர்ன் வாடகை இறங்கும். அப்போது ரயிலுக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு பக்கமும் விசாரியுங்கள். போன தடவை ரயில் லாபம் என்பது இந்தத் தடவைக்குச் செல்லாது. குஜராத் துறைமுகங்களிலிருந்து கடல் வழியாகத் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் கன்டெய்னர் வருகிறது, கடலோர மாவட்டக் கடைகள் அதையும் விசாரிக்கலாம்.

5. நாள் கணக்கு

லாரி ஆறேழு நாளில் வந்துவிடும். டிரைவர் போன் நம்பர் கையில் இருக்கும், "எங்கண்ணே இருக்கீங்க" என்று கேட்கலாம்.

ரயில் அப்படியில்லை. ஓடும் நாள் குறைவுதான், காத்திருக்கும் நாள்தான் அதிகம். ஒரு முழுக் கன்டெய்னர் ரயில் என்பது 45 வேகன், 20 அடிப் பெட்டி என்றால் 90. அத்தனையும் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். உங்கள் பெட்டி முதல் ஆளாக முனையத்துக்குப் போய்விட்டால் கடைசிப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே "எத்தனை நாளில் வரும்" என்று கேட்காதீர்கள். "இந்த முனையத்திலிருந்து என் முனையத்துக்கு அடுத்த ரேக் (முழுச் சரக்கு ரயில்) எப்போது, இதுவரை எத்தனை பெட்டி சேர்ந்திருக்கிறது" என்று கேளுங்கள். கோவைக்கு இருகூர், சென்னைக்குத் தண்டையார்பேட்டை என்று முனையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எல்லா இடத்திலிருந்தும் நேரடி வண்டி இருக்காது. நடுவில் வேறு முனையத்தில் மாற்றினால் நாலைந்து நாள் கூடும்.

நான் ரயிலுக்குப் பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்கிறேன். முன்னால் வந்தால் சந்தோஷம். கிரகப்பிரவேச தேதி குறித்துவிட்ட கஸ்டமரின் ஆர்டரை மட்டும் ரயிலில் போடவே மாட்டேன். கடையில் ஸ்டாக் வைக்கும் சரக்கு ரயிலில், தேதி சொல்லி வாங்கிய ஆர்டர் லாரியில். ஜன்மாஷ்டமி, தீபாவளி ஒட்டி சௌராஷ்டிரப் பக்கம் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஏற்றக் கூலியாள் கிடைக்காது. அந்த வாரங்களைத் தவிருங்கள்.

6. காகிதங்கள்: இ-வே பில்லில் கவனம்

வேண்டியவை: வரி இன்வாய்ஸ், பெட்டி எண்ணிக்கையும் எடையும் போட்ட பேக்கிங் லிஸ்ட், எடைமேடைச் சீட்டு, லாரி என்றால் எல்.ஆர். (லாரி ரசீது), ரயில் என்றால் கன்டெய்னர் கம்பெனியின் ரசீது, இன்சூரன்ஸ் நகல், இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டி சட்டப்படி ஆன்லைனில் எடுக்கும் சீட்டு). பல கம்பெனி சரக்கைக் கலந்து ஒரே லோடாக எடுத்தால் ஒவ்வொருவரும் தனி இன்வாய்ஸ், தனி இ-வே பில் போடுவார்கள். முதல் லோடு எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எடுப்பார்கள், ஒரே டிசைனில் 14,000 சதுர அடி வாங்கி யாருக்கு விற்பது? கம்பெனி கம்பெனியாக வண்டி நின்று ஏற்றுவதற்குத் தனிக் காசு கேட்பார்கள், அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று செல்லுபடி. நம் தூரத்துக்குப் பத்துப் பதினோரு நாள். லாரிக்குத் தாராளம். ரயிலுக்குப் போதாமல் போகலாம். முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சிக்கல், ஆகவே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, வண்டி மாறும்போதெல்லாம் இ-வே பில்லின் பாகம் 'ஆ'வில் (Part B) வண்டி விவரத்தை மாற்ற வேண்டும். மோர்பியில் ட்ரெய்லர் நம்பர், அப்புறம் ரயில் ரசீது எண், இங்கே கடைசியாக மறுபடி ட்ரெய்லர் நம்பர். இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீட்டை நெருங்கும்போது பறக்கும் படை பிடித்தால், அபராதம் வரியில் 200 சதவீதம். 4 லட்ச ரூபாய் டைல்ஸுக்கு 18 சதவீத வரி 72,000, அபராதம் 1,44,000. ட்ரெய்லர் முனையத்தை விட்டு வெளியே வருமுன் நம்பர் மாற்றியாகிவிட்டதா என்று நீங்களே போர்ட்டலில் பாருங்கள். ஏஜென்ட் "பண்ணியாச்சு சார்" என்பதைக் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

7. எடையில் ஏமாற்ற நினைக்க வேண்டாம்

"ரெண்டு டன் சேர்த்துப் போடறேன், பேப்பர்ல காட்ட வேண்டாம்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ரோட்டில் கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ரயில்வேயில் எடை தப்பாகச் சொன்னது தெரிந்தால் தண்டக் கட்டணம். அதைவிட முக்கியம், மலை இறக்கத்தில் அந்த வண்டியின் பிரேக்கை மிதிப்பது ஒரு மனிதர். இரண்டு 20 அடிப் பெட்டியையும் ஒரே 40 அடி ட்ரெய்லரில் கொண்டுவரும் யோசனையும் டைல்ஸுக்கு ஆகாது. பெட்டிகளே 56 டன்னைத் தாண்டிவிடும். இழுவை வண்டி, ட்ரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்துச் சட்டப்படி உச்சவரம்பே 55 டன்.

8. ஏற்றும்போது

அங்கே நீங்கள் நிற்க முடியாது, படங்கள்தான் உங்கள் கண். நான் நாலு படம் கேட்கிறேன். வெற்றுப் பெட்டிக்குள் நின்று கதவை மூடி எடுத்தது ஒன்று. கூரையில் ஓட்டை இருந்தால் இருட்டில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மழை ஒழுகினால் அட்டைப்பெட்டி ஊறி அடுக்கே சரிந்துவிடும். பாதி ஏற்றியபோது ஒன்று, முழுக்க ஏற்றி முட்டுக் கொடுத்த பின் ஒன்று, கதவில் போல்ட் சீல் நம்பர் தெரிய ஒன்று.

முட்டு என்று சொன்னது வெறும் சடங்கில்லை. 60 செ.மீ. பெட்டி அகலவாக்கில் மூன்று நின்றால் 1.8 மீட்டர். கன்டெய்னர் உள் அகலம் 2.35. மீதி அரை மீட்டருக்கு மேல் காலி. ரயில் வண்டி இணைக்கும்போது விழும் இடி லாரியில் இருக்காது. அந்த இடியில் ஒரு வரிசை ஆடினால் காலியிடத்துக்குள் சரியும், பின்னால் உள்ளதெல்லாம் தொடரும். மரச்சட்டமோ காற்றுப்பையோ வைத்து அந்த இடைவெளியை அடைக்காமல் கதவை மூட விடாதீர்கள். பாரத்தை நீளம் முழுக்கப் பரப்பச் சொல்லுங்கள். பாதி நீளத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எடை விழக் கூடாது.

ஒரே டிசைனுக்கு ஒரே பேட்ச் நம்பர்தானா என்பதையும் அப்போதே பாருங்கள். இங்கே வந்து நிற வித்தியாசம் தெரிந்தால் திருப்பி அனுப்பும் வாடகை கட்டுப்படியாகாது.

இன்சூரன்ஸ் இல்லாமல் கிளப்ப வேண்டாம். பாலிசியில் உடைசல் சேர்த்தியா, எவ்வளவு வரை உங்கள் பொறுப்பு, கடைசி ட்ரெய்லர் பயணமும் இறக்குவதும் உள்ளடங்குமா என்று மூன்றையும் கேளுங்கள்.

9. இறக்கும்போது

லாரி என்றால் பக்கப் பலகையைக் கழற்றி இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். கன்டெய்னருக்குப் பின்கதவு ஒன்றே வழி, அதுவும் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். கூலியாட்களிடம் "லாரி லோடு" என்று சொல்லிக் கூலி பேசிவிட்டுக் கன்டெய்னரைக் காட்டினால் சண்டைதான் வரும், அதில் நியாயம் அவர்கள் பக்கம். முன்கூட்டியே சொல்லி, ஒரு உறுதியான சாய்பலகையோ மேசையோ ஏற்பாடு செய்து, இரண்டு ஆள் கூடுதலாகவே கூப்பிடுங்கள். ட்ரெய்லர் வருவதற்கு முதல் நாளே அவர்கள் வரும் நேரத்தை உறுதி செய்யுங்கள்.

சீல் நம்பரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் வெட்டாமல் டிரைவர் முன்னிலையில் படம் எடுத்து, ஏஜென்ட்டுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட்டு அப்புறம் திறங்கள். கன்டெய்னரில் வலது கதவுதான் முதலில் திறக்கும். திறப்பவரைத் தவிர யாரும் பின்னால் நிற்கக் கூடாது, அவரும் கதவின் ஓரத்தில் நின்று ஒரு கையளவு மட்டும் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். 28 கிலோ பெட்டி நெஞ்சு உயரத்திலிருந்து காலில் விழுந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவன் நான், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உடைந்த பெட்டிகளைத் தனியாக அடுக்கி எண்ணி, டெலிவரி ரசீதில் எண்ணிக்கையை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை உடைந்ததைக் கொட்டிவிட வேண்டாம். வெற்றுப் பெட்டி கிளம்புமுன் உள்ளே பெருக்கி, முட்டுக் கட்டைகளை எடுத்து, நாலு பக்கமும் வெளியே ஒன்று உள்ளே ஒன்றாகப் படம் எடுங்கள். திருப்பி விட்ட ரசீதை டிரைவரிடமிருந்து அன்றைக்கே வாங்குங்கள். "பெட்டி நசுங்கியிருக்கு, ரிப்பேர் செலவு" என்று ஒரு மாதம் கழித்து வந்த பில்லுக்கு என்னிடம் பதில் இருந்தது அந்தப் படங்களால்தான்.